வெளிநாட்டில் ஆபத்து வந்தால் அரசு எதுவரை பொறுப்பு? – கருத்து விளக்கக் கட்டுரைக்கு ஒரு வழிகாட்டி



"வெளிநாடுகளில் ஆபத்தில் சிக்கும் குடிமக்களைத் தாயகத்துக்கு அழைத்து வருவது அரசின் கடமை. இக்கூற்றையொட்டி உமது கருத்துகளை விளக்கி எழுதுக."

இப்படி ஒரு தலைப்பைக் கொடுத்தால் நம் மாணவர்கள் என்ன எழுதுவாங்க? "அரசு தாய் போன்றது, மக்கள் பிள்ளைகள் போன்றவர்கள்" என்று முதல் பத்தி தொடங்கும். இரண்டாம் பத்தியிலும் அதே தாய், அதே பிள்ளை. மூன்றாம் பத்தியில் "எனவே அரசு காப்பாற்றியே தீர வேண்டும்" என்று வரும். மொழி நன்றாகத்தான் இருக்கும். கருத்து என்று பார்த்தால் ஒன்றுதான். அதையே மூன்று முறை சொல்லியிருப்பார்கள்.

குறை மாணவர்களுடையது மட்டும் இல்லை. இதற்கான செய்திகள் அவர்கள் கையில் இருப்பதில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை. சட்டம் என்ன சொல்கிறது, உண்மையில் என்னென்ன நடந்திருக்கிறது, எதிர்த்தரப்பு என்ன கேட்கும், அதற்கு எப்படிப் பதில் சொல்வது என்பதை வரிசையாகப் பார்ப்போம். கடைசியில் கட்டுரைச் சட்டகம் ஒன்றும் மாதிரிப் பத்தி ஒன்றும் உண்டு.

1. முதலில் சொற்களைச் சரிசெய்வோம்

இந்தத் தலைப்பில் மாணவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்ளும் சொற்கள் சில உள்ளன.

வெளியேற்றம்: ஆபத்தான இடத்திலிருந்து மக்களை அப்புறப்படுத்துவது. ஆனால் குடியிருப்பவரை வீட்டைவிட்டு விரட்டுவதற்கும் இதே சொல்தான். எனவே "பாதுகாப்பாக வெளியேற்றுதல்" என்று எழுதினால் பொருள் தெளிவாகும்.

நாடு கடத்தல்: ஒரு நாடு தனக்கு வேண்டாதவரைப் பிடித்து வெளியே அனுப்புவது. நம் தலைப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. "அரசு தன் மக்களை நாடு கடத்திக் காப்பாற்றியது" என்று எழுதினால் பொருளே தலைகீழாகிவிடும்.

தாயகம் திரும்பச் செய்தல்: ஆபத்து இடத்திலிருந்து வெளியே கொண்டுவந்து, சொந்த நாடு வரை சேர்ப்பது. வெளியேற்றம் பாதி வழி என்றால் இது முழு வழி.

தூதரக உதவி: கடப்பிதழ் தொலைந்தால் மாற்று ஆவணம் தருவது, சிறையில் இருப்பவரைச் சந்திப்பது, குடும்பத்துக்குத் தகவல் சொல்வது போன்ற அன்றாட உதவிகள். நெருக்கடிக் கால மீட்பு இதன் ஒரு பகுதிதான்.

"ஆபத்து" என்ற சொல்லையும் விரித்துப் பார்க்க வேண்டும். போர் மட்டுமே ஆபத்து இல்லை. நில நடுக்கம், தொற்றுநோய், அரசியல் கலவரம், வேலை மோசடிக் கும்பல் எல்லாமே இதில் அடங்கும். இதை முன்னுரையிலேயே சொல்லிவிட்டால், பின்னால் வேறு வேறு எடுத்துக்காட்டுகளைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

2. கடமைக்கு மூன்று படிகள்

"கடமை உண்டா, இல்லையா?" என்று ஒரே கேள்வியாகக் கேட்டால் பதிலும் ஒரே வரியில் முடிந்துவிடும். அதனால் கேள்வியை மூன்றாகப் பிரிப்போம்: கதவைத் திறப்பது, கை கொடுப்பது, கூட்டி வருவது.

முதல் படி: கதவைத் திறப்பது. தன் குடிமகன் நாட்டு வாசலுக்கு வந்து நின்றால் உள்ளே விட வேண்டும். இது சட்டக் கடமை. எந்தக் குடிமகனையும் நாட்டைவிட்டு விரட்டவோ உள்ளே வர விடாமல் தடுக்கவோ கூடாது என்று மலேசியக் கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 9ஆவது பிரிவு சொல்கிறது. சிங்கப்பூர் அரசமைப்புச் சட்டத்திலும் 13ஆவது பிரிவு இதையே சொல்கிறது. 1948ஆம் ஆண்டின் அனைத்துலக மனித உரிமைப் பிரகடனத்திலும் சொந்த நாட்டுக்குத் திரும்பும் உரிமை இடம்பெற்றிருக்கிறது.

இரண்டாம் படி: கை கொடுப்பது. 1963ஆம் ஆண்டில் உருவான தூதரக உறவுகள் பற்றிய வியன்னா ஒப்பந்தத்தின் 5ஆவது பிரிவு, தூதரகப் பணிகளைப் பட்டியலிடுகிறது. தன் நாட்டு மக்களின் நலனைப் பாதுகாப்பதும் அவர்களுக்கு உதவுவதும் அந்தப் பட்டியலில் உள்ளன. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். "அனைத்துலகச் சட்டம் அனுமதிக்கும் எல்லைக்குள்" என்ற வரம்பும் அங்கேயே இருக்கிறது. இன்னொரு நாட்டு மண்ணில் நம் போலீசோ இராணுவமோ அனுமதியில்லாமல் கால் வைக்க முடியாது. தூதர் பேசலாம், கேட்கலாம், வற்புறுத்தலாம். கட்டளையிட முடியாது.

மூன்றாம் படி: கூட்டி வருவது. விமானம், கப்பல், பேருந்து ஏற்பாடு செய்து ஆளைக் கொண்டுவந்து சேர்ப்பது. இங்கேதான் சட்டம் மெலிந்துபோகிறது. "என்னை அழைத்து வர விமானம் அனுப்பு" என்று குடிமகன் கேட்டு வாங்கும் சட்ட உரிமை பெரும்பாலான நாடுகளில் இல்லை. 2004ஆம் ஆண்டில் ஜிம்பாப்வேயில் பிடிபட்ட தென்னாப்பிரிக்கர்கள், தங்கள் அரசு தலையிட வேண்டும் என்று தென்னாப்பிரிக்க அரசமைப்பு நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். அரசின் பாதுகாப்பைக் கட்டாயப்படுத்திப் பெறும் உரிமை குடிமக்களுக்கு இல்லை, ஆனால் உதவி கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு, கேட்டால் அரசு அதை முறையாகப் பரிசீலிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அது மீட்பு விமானம் பற்றிய வழக்கு இல்லை. இருந்தாலும் நம் தலைப்புக்கு நன்றாகப் பொருந்தும்.

சில நாடுகள் இதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கின்றன. ஜெர்மனியின் 1974ஆம் ஆண்டுத் தூதரகச் சட்டம், போர், பேரிடர் போன்ற நேரங்களில் தன் மக்களுக்கு உதவ அதிகாரிகளுக்குப் பொறுப்புத் தருகிறது. உதவி பெற்றவர் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்றும் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில், தன் நாட்டுத் தூதரகம் இல்லாத இடத்தில் சிக்கிய ஒருவர் வேறு எந்த உறுப்பு நாட்டின் தூதரகத்திலும் போய் உதவி கேட்கலாம்.

ஆகவே முதல் படி சட்டம். இரண்டாம் படி ஒப்பந்தமும் நிர்வாகமும். மூன்றாம் படி ஒவ்வொரு முறையும் அரசு எடுக்கும் முடிவு. முடிவு என்பதால்தான் மக்கள் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில் அரசின் மனமும் மக்களின் குரலும்தான் வேலை செய்கின்றன. இந்த ஒரு கருத்தை மாணவர் பிடித்துக்கொண்டால் போதும், "தாய், பிள்ளை" கட்டுரையிலிருந்து வெளியே வந்துவிடுவார்.

3. எடுத்துக்காட்டுகள்: எதை எங்கே பயன்படுத்தலாம்?

எடுத்துக்காட்டு சொல்லும்போது "ஒரு நாட்டில் போர் நடந்தது, அரசு காப்பாற்றியது" என்று மொட்டையாக எழுதாதீர்கள். இடம், ஆண்டு, வழி மூன்றும் இருந்தால் நல்லது. நான்கு நிகழ்வுகளைத் தருகிறேன்.

குவைத், 1990. ஆகஸ்ட் 2ஆம் நாள் ஈராக் படை குவைத்துக்குள் புகுந்தது. அங்கே 170,000க்கும் மேற்பட்ட இந்தியர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். மலையாளிகளும் தமிழர்களும் அவர்களில் ஏராளம். குவைத்திலிருந்து நேரடியாகப் பறக்க வழியில்லை. அப்போதைய இந்திய வெளியுறவு அமைச்சர் ஐ.கே. குஜ்ரால் பாக்தாத் சென்று சதாம் உசேனைச் சந்தித்தார். குவைத்தை ஆக்கிரமித்தவரோடு கைகோத்துப் பேசியதற்காக அவர் விமர்சனத்துக்கு ஆளானார். ஆனால் அந்தச் சந்திப்புக்குப் பிறகுதான் வழி பிறந்தது. மக்கள் பேருந்தில் ஈராக்கைக் கடந்து ஜோர்டான் தலைநகர் அம்மானுக்குப் போனார்கள். அங்கிருந்து விமானம். 59 நாள்களில் 488 பயணங்களில் ஏர் இந்தியா 111,711 பேரை ஏற்றி வந்தது. இது கின்னஸ் சாதனையாகவும் பதிவானது. மீட்பு என்பது விமானம் மட்டும் இல்லை, முதலில் பேச்சுவார்த்தை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

எகிப்து, 2011. ஜனவரி 25இல் கெய்ரோவில் மக்கள் போராட்டம் வெடித்தது. அப்போது எகிப்தில் ஆயிரக்கணக்கான மலேசிய மாணவர்கள் மருத்துவமும் இசுலாமியக் கல்வியும் படித்துக்கொண்டிருந்தார்கள். "ஒப்ஸ் பிரமிட்" என்ற பெயரில் அரசு மீட்பு நடவடிக்கையைத் தொடங்கியது. அரச மலேசிய ஆகாயப்படையின் ஹெர்குலிஸ் விமானங்களும் பயணிகள் விமானங்களும் இதில் ஈடுபட்டன. முதலில் பக்கத்தில் இருக்கும் பாதுகாப்பான ஊருக்கு, அதாவது சவூதி அரேபியாவின் ஜெட்டாவுக்கு. பிறகு அங்கிருந்து கோலாலம்பூருக்கு. இந்த இரண்டு கட்ட முறையைக் கவனியுங்கள். தூரம் குறைவாக இருந்தால் ஒரே விமானம் ஒரு நாளில் பலமுறை போய்வர முடியும். நிறைய பேரை விரைவாக வெளியே எடுக்க இதுதான் வழி.

வூஹான், 2020. சீன அரசு ஜனவரி 23இல் நகரத்தை மூடியது. பிப்ரவரி 4ஆம் நாள் ஏர் ஆசியா விமானம் 107 பேரை மலேசியாவுக்குக் கொண்டுவந்தது. மலேசியர்களின் வெளிநாட்டுக் கணவன், மனைவி, பிள்ளைகளும் அந்த 107 பேரில் அடக்கம். வந்தவர்கள் நேராக வீட்டுக்குப் போகவில்லை. பரிசோதனைக்குப் பிறகு நீலாயில் 14 நாள் தனிமைப்படுத்தப்பட்டார்கள். அவர்களில் இருவருக்குத் தொற்று இருந்தது பரிசோதனையில் தெரியவந்தது. வெளியே இருக்கும் குடிமகனைக் காப்பாற்றும்போது உள்ளே இருக்கும் குடிமகனையும் காப்பாற்ற வேண்டும். அரசின் கடமை இரண்டு பக்கமும் உண்டு என்று வாதிட இதைப் பயன்படுத்தலாம்.

சூடான், 2023. ஏப்ரல் 15இல் தலைநகர் கார்ட்டூமில் சண்டை தொடங்கியதுமே விமான நிலையம் மூடப்பட்டது. செங்கடல் ஓரமுள்ள போர்ட் சூடான் துறைமுகத்துக்குச் சாலை வழியாக நெடுந்தூரம் போய், அங்கிருந்து கடல் கடந்து ஜெட்டாவை அடைவதே பலருக்கும் வழியாக இருந்தது. மலேசியர்களும் இப்படித்தான் ஜெட்டா வழியாக வீடு வந்தார்கள். இந்தியா இதே மீட்புக்கு "ஆபரேஷன் காவேரி" என்று நம் ஆற்றின் பெயரை வைத்து 3,800க்கும் மேற்பட்டோரை வெளியே கொண்டுவந்தது.

நான்கையும் சேர்த்துப் பாருங்கள். எந்த நாடும் தனியாக மீட்கவில்லை. ஜோர்டான், சவூதி, சீனா என்று யாரோ ஒருவர் வழிவிட வேண்டியிருந்தது. நல்லுறவு வேண்டும் என்பதை வெறும் வாசகமாக எழுதாமல் இப்படிக் காரணத்தோடு எழுதலாம். 2015இல் ஏமனிலிருந்து இந்தியா தன் மக்கள் 4,640 பேரோடு 41 நாடுகளைச் சேர்ந்த 960 வெளிநாட்டவரையும் மீட்டது. இன்று நான் உன் ஆளை ஏற்றினால் நாளை நீ என் ஆளை ஏற்றுவாய் என்ற நம்பிக்கையும் இதில் இருக்கிறது.

4. யார் விடுபட்டுப் போகிறார்கள்?

இந்தப் பகுதியை மாணவர்கள் பெரும்பாலும் தொடுவதே இல்லை. தொட்டால் கட்டுரை ஒரு படி மேலே போகும்.

மீட்பு விமானத்தில் ஏற மூன்று பொருள்கள் வேண்டும்: கையில் கடப்பிதழ், காதில் தகவல், விமான நிலையம் வரை போக வழி. மாணவர்களிடமும் நிறுவன அதிகாரிகளிடமும் இவை பெரும்பாலும் இருக்கும். வீட்டுப் பணிப்பெண்ணிடம்?

2006ஆம் ஆண்டு லெபனானில் போர் மூண்டபோது அங்கே சுமார் 80,000 இலங்கையர்கள் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் வீட்டு வேலை செய்த பெண்கள். பலரின் கடப்பிதழ் முதலாளி கையில். முதலாளி சம்மதிக்காமல் வேலையை விடவும் முடியாது. மேலை நாட்டுக் கப்பல்கள் தங்கள் மக்களை ஏற்றிக்கொண்டு போனபோது, இந்தப் பெண்களில் பலர் பூட்டிய வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள். அந்தப் போரின்போது இந்தியக் கடற்படைக் கப்பல்கள் இந்தியர்களோடு இலங்கையர், நேப்பாளியர் சிலரையும் ஏற்றி வந்தன. ஆனால் கப்பல்வரை வந்து சேர முடிந்தவர்களுக்குத்தானே அது உதவும்?

நம் நாட்டிலும் இதற்கு ஒரு பக்கம் உண்டு. நல்ல சம்பளம் என்ற விளம்பரத்தை நம்பிப் போய், கம்போடியாவிலும் மியன்மாரிலும் மோசடிக் கும்பலிடம் மாட்டிக்கொண்ட மலேசிய இளைஞர்கள் பற்றிய செய்திகளை நாம் எல்லாரும் படித்திருக்கிறோம். 2023 அக்டோபர் இறுதியில் மியன்மாரின் ஷான் மாநிலத்தில், சீன எல்லை ஓரம் உள்ள லௌக்காய் பகுதியில் சண்டை வெடித்தது. அங்கே சிக்கியிருந்த 120க்கும் மேற்பட்ட மலேசியர்கள் நவம்பரில் சீனாவின் குன்மிங் நகரம் வழியாக அழைத்து வரப்பட்டார்கள். இவர்கள் தூதரகத்தில் பெயர் பதிவு செய்துவிட்டுப் போனவர்கள் இல்லை. கேட்டால், வேலைக்குப் போகிறேன் என்று வீட்டில் மட்டும் சொல்லியிருப்பார்கள்.

"தெரிந்தே போய் மாட்டிக்கொண்டவரை ஏன் மீட்க வேண்டும்?" என்று சிலர் கேட்பதுண்டு. ஏமாந்தவனும் குடிமகன்தான். குடியுரிமை என்பது புத்திசாலிகளுக்குத் தரும் பரிசு இல்லை. கடமையை அளக்க வேண்டுமானால், எத்தனை விமானம் போனது என்று மட்டும் எண்ணாமல், ஆவணமும் பணமும் இல்லாதவர் அதில் ஏற முடிந்ததா என்றும் கேட்க வேண்டும்.

5. செலவு யாருடையது?

இதற்கு ஒரே விடை கிடையாது. அரசுகள் மூன்று விதமாகச் செய்திருக்கின்றன.

முதல் வகை, அரசே முழுச் செலவை ஏற்பது. 2022இல் உக்ரேனிலிருந்து வந்த இந்திய மாணவர்களுக்கு "ஆபரேஷன் கங்கா" விமானங்களில் கட்டணம் இல்லை.

இரண்டாம் வகை, பயணி கட்டணம் செலுத்துவது. 2020 மே மாதம் தொடங்கிய "வந்தே பாரத்" விமானங்களில் பயணிகளே பணம் கட்டினார்கள். கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்குப் போனவர்களும் அவர்களில் உண்டு. வேலை போய், கையில் காசில்லாமல் நின்ற தொழிலாளிக்கு அந்தக் கட்டணம் எவ்வளவு பெரிய சுமை என்பதை நாம் இங்கேயே கண்ணால் பார்த்தோம்.

மூன்றாம் வகை, இப்போது ஏற்றிக்கொண்டு பிறகு வசூலிப்பது. அமெரிக்காவில் இதற்குக் கடன் பத்திர முறை உண்டு. 2006 லெபனான் போரின்போது குண்டு விழும் ஊரில் நிற்பவரிடம் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்பதா என்று கண்டனம் எழுந்தது. அரசு அந்த நிபந்தனையைக் கைவிட்டது. ஜெர்மனியோ 2020இல் சுமார் 67,000 பேரைத் தனி விமானங்களில் அழைத்துவந்து, தூரத்துக்கு ஏற்ப 200 யூரோ முதல் 1,000 யூரோ வரை பிறகு வசூலித்தது.

மாணவர்கள் எந்தப் பக்கமும் நிற்கலாம். என் பார்வையில், உயிருக்கு உடனடி ஆபத்து இருக்கும் இடத்தில் முதலில் ஏற்று, கணக்கைப் பிறகு பார் என்பதே சரி. வசதி உள்ளவரிடம் வாங்கலாம், இல்லாதவரை விட்டுவிடலாம். ஆனால் விமானப் படிக்கட்டில் பணப்பையைப் பார்க்கக் கூடாது.

6. "எச்சரித்தோமே, ஏன் போனாய்?"

நல்ல விவாதக் கட்டுரையில் எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதத்தை எடுத்துப் பேச வேண்டும். இங்கே அது இதுதான்: அரசு முன்கூட்டியே பயண எச்சரிக்கை விடுத்தது; அதை மீறிப் போனவருக்காக மற்றவர்களின் வரிப்பணத்தைச் செலவு செய்வதும், மீட்கப் போகும் வீரர்களின் உயிரைப் பணயம் வைப்பதும் நியாயமா?

இந்த வாதத்தைச் சும்மா தள்ளிவிடாதீர்கள். 2006இல் கனடா லெபனானிலிருந்து சுமார் 15,000 பேரை மீட்டது. செலவு 94 மில்லியன் கனடிய டாலர். மீட்கப்பட்டவர்களில் பலர் இரட்டைக் குடியுரிமை பெற்று நெடுநாளாக லெபனானிலேயே வாழ்ந்தவர்கள் என்பதால், "ஆபத்துக்கு மட்டும் கனடியரா?" என்ற கேள்வி அந்நாட்டில் பெரிய விவாதமானது. கேள்வியில் நியாயம் இருக்கிறது.

ஆனால் உக்ரேனைப் பாருங்கள். போர் தொடங்கியது 2022 பிப்ரவரி 24. இந்தியத் தூதரகம் பிப்ரவரி 15ஆம் நாளே, அவசியம் இல்லாதவர்கள் தற்காலிகமாக வெளியேறலாம் என்று அறிவித்தது. மாணவர்கள் ஏன் கிளம்பவில்லை? பல்கலைக்கழகங்கள் வகுப்புகளை நேரடியாகவே நடத்திக்கொண்டிருந்தன. வராவிட்டால் படிப்பு பாதிக்குமே என்ற பயம். விமானக் கட்டணமும் ஏறிப்போயிருந்தது. கடன் வாங்கிப் பிள்ளையை மருத்துவம் படிக்க அனுப்பிய குடும்பம் அவ்வளவு எளிதாகத் திரும்பி வா என்று சொல்லுமா? எச்சரிக்கை கொடுத்தாகிவிட்டது என்பதும் கிளம்ப முடிந்தது என்பதும் ஒன்றில்லை. போர் தொடங்கிய அன்றே வான்வெளி மூடப்பட்டது. பிறகு சுமார் 22,500 இந்தியர்கள் போலந்து, ஹங்கேரி, ருமேனியா போன்ற அண்டை நாடுகள் வழியாகத்தான் வீடு திரும்ப முடிந்தது. எல்லாரும் திரும்பவும் இல்லை. கார்கிவ் நகரில் ஓர் இந்திய மாணவர் குண்டுவீச்சில் உயிரிழந்தார்.

இன்னொரு பக்கமும் உண்டு. 2021 மே மாதம், இந்தியாவில் கோவிட் உச்சத்தில் இருந்தபோது, அங்கிருந்து தன் குடிமக்கள் நாடு திரும்புவதையே ஆஸ்திரேலியா சுமார் இரண்டு வாரம் தடுத்தது. மீறினால் அபராதமும் சிறையும் விதிக்கலாம் என்றும் அறிவித்தது. சுமார் 9,000 ஆஸ்திரேலியர்கள் இந்தியாவில் நின்றார்கள். அவர்களில் பலர் இந்திய வம்சாவளியினர். உள்நாட்டு மக்களைப் பாதுகாக்கத்தான் செய்தோம் என்றது அரசு. இங்கே அசைந்தது மூன்றாம் படி இல்லை, முதல் படி. விமானம் அனுப்பாததை ஒருவர் பொறுத்துக்கொள்ளலாம். கதவையே சாத்தியதை எப்படிப் பொறுப்பது? மூன்று படிகளைப் பிரித்துப் பார்ப்பதன் பயன் இங்கே தெரியும்.

7. குடிமக்களின் பங்கு

கடமை ஒருவழிப் பாதை இல்லை. இந்தப் பகுதியில் மாணவர்கள் செய்யக்கூடியதையே எழுதலாம்.

- வெளிநாட்டில் படிக்கவோ வேலைக்கோ போனால் அருகிலுள்ள தூதரகத்தில் பெயர் பதிவு செய்வது. பட்டியலில் இல்லாதவரைத் தேடுவது கடினம்.
- கடப்பிதழைக் காலாவதியாகாமல் வைத்திருப்பது. நகல் ஒன்றை வீட்டில் கொடுத்துவிட்டுப் போவது. முதலாளியிடம் மூலத்தைக் கொடுக்காமல் இருப்பது.
- விஸ்மா புத்ராவின் பயண அறிவிப்புகளைப் படிப்பது. பயணக் காப்புறுதி எடுப்பது. போரை எல்லாக் காப்புறுதியும் ஈடுசெய்யாது என்பதையும் தெரிந்திருப்பது.
- "கிளம்பு" என்ற அறிவிப்பு வந்தால், பயணிகள் விமானம் ஓடும்போதே கிளம்புவது.
- வேலை விளம்பரத்தை நம்பும் முன் நிறுவனத்தை விசாரிப்பது.

அரசின் பக்கமும் இதோடு இணைத்துச் சொல்லுங்கள். பதிவு செய்யும் முறை எளிதாக இருக்க வேண்டும். எச்சரிக்கை மக்களுக்குப் புரியும் மொழியில், கைப்பேசியில் வந்து சேர வேண்டும். பல்கலைக்கழகத்தோடும் முதலாளியோடும் தூதரகம் முன்கூட்டியே பேச வேண்டும். வெள்ளம் வருமுன் அணை போடுவதும் மீட்புப் பணிதான். திருக்குறளைச் சேர்க்க விரும்பும் மாணவர்கள் இறைமாட்சி, செங்கோன்மை ஆகிய அதிகாரங்களிலும், வருமுன் காப்பதைப் பேசும் குற்றங்கடிதல் அதிகாரத்திலும் தேடிப் பார்க்கலாம். பொருத்தமான ஒன்று போதும். மூன்று குறளைக் கொட்ட வேண்டாம்.

8. கட்டுரையாக்கும் முறை

முன்னுரை: இன்று படிப்புக்கும் வேலைக்கும் வெளிநாடு செல்வோர் பெருகியிருப்பது, ஆபத்தின் வகைகள், உங்கள் நிலைப்பாடு ஒரு வாக்கியத்தில்.

கருத்து 1: நாடு திரும்பும் உரிமை (கதவு). அரசமைப்புச் சட்டம்.

கருத்து 2: தூதரகத்தின் உதவியும் அதன் வரம்பும் (கை). வியன்னா ஒப்பந்தம், குவைத் பேச்சுவார்த்தை.

கருத்து 3: அழைத்து வருதல். எகிப்து அல்லது வூஹான்.

கருத்து 4: விடுபடுவோர், செலவு. லெபனான் அல்லது லௌக்காய்.

எதிர்க்கருத்தும் மறுப்பும்: எச்சரிக்கை வாதம், உக்ரேன்.

முடிவுரை: அரசும் மக்களும் சேர்ந்து செய்ய வேண்டியது. புதிய எடுத்துக்காட்டை இங்கே நுழைக்காதீர்கள்.

எல்லா எடுத்துக்காட்டையும் ஒரே கட்டுரையில் திணிக்கவும் வேண்டாம். மூன்றை எடுத்து நன்றாக விளக்கினால் போதும். கருத்து 2க்கு ஒரு மாதிரிப் பத்தி:

"ஆபத்தில் இருக்கும் குடிமக்களுக்கு உதவுவது தூதரகத்தின் பணியாகும். எனினும், அப்பணியை அது அந்நாட்டின் அனுமதியோடுதான் செய்ய முடியும். எடுத்துக்காட்டாக, 1990ஆம் ஆண்டில் குவைத்தில் சிக்கிய இந்தியர்களை மீட்பதற்கு முன், இந்திய வெளியுறவு அமைச்சர் பாக்தாத் சென்று ஈராக்கியத் தலைமையுடன் பேச வேண்டியிருந்தது. அதன் பின்னரே மக்கள் தரைவழியாக ஜோர்டானை அடைந்து, அங்கிருந்து விமானம் ஏறினர். ஆகவே, மீட்புப் பணியில் விமானத்தைப் போலவே அரசதந்திரமும் இன்றியமையாதது என்பது தெளிவாகிறது."

கருத்து, வரம்பு, சான்று, விளைவு, முடிவு என்று ஐந்து வாக்கியங்கள். இதே வரிசையில் மற்றக் கருத்துகளையும் மாணவர்களே எழுதிப் பழகலாம்.

9. வகுப்பில் கலந்துரையாட

ஆசிரியர்கள் குழு நடவடிக்கையாக இதைச் செய்து பார்க்கலாம். ஒரு விமானம், 50 இருக்கை, காத்திருப்போர் 80 பேர். மாணவர்கள், கைக்குழந்தையோடு தாய், நோயாளி, கடப்பிதழ் இல்லாத தொழிலாளி, மலேசியரை மணந்த வெளிநாட்டுப் பெண், எச்சரிக்கையை மீறிப் போன சுற்றுப்பயணி என்று பாத்திரங்களைப் பிரித்துக் கொடுங்கள். யாரை முதலில் ஏற்றுவது, ஏன் என்று ஒவ்வொரு குழுவும் ஐந்து நிமிடத்தில் முடிவெடுத்துக் காரணம் சொல்லட்டும். பிறகு, இறக்கிவிடப்பட்ட 30 பேரில் ஒருவராக நின்று அரசுக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். தலைப்பைப் பற்றி அவர்கள் எழுதும் அடுத்த கட்டுரையில் "தாய், பிள்ளை" வாக்கியம் வருகிறதா என்று பாருங்கள். வந்தாலும் பரவாயில்லை, அதற்குப் பின்னால் காரணங்கள் வரிசையாக நிற்கும்.